எந்தப் பூண்டி என்று தெரியாத விளம்பரம்

தமிழ்நாட்டில் பூண்டிகள் பல. சென்னைக்காரருக்குப் பூண்டி என்றால் குடிதண்ணீர் ஏரி. 1944-ல் கட்டி, சத்தியமூர்த்தியின் பெயரைச் சூட்டிய நீர்த்தேக்கம். தஞ்சை மாவட்டத்திலேயே இரண்டு உண்டு: ஒன்று மாதா கோயிலால் பேர்பெற்றது, மற்றொன்று கல்லூரியால். கோவைப் பக்கம் போனால் வெள்ளியங்கிரி மலையேறுகிறவர்கள் கூடும் அடிவாரம் பூண்டி. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலைப் பாதையில் வளைந்து வளைந்து போனால் கிளாவரைக்கு முன்னால் இன்னொரு பூண்டி வரும். சுற்றுலா வருகிறவர்களில் பாதிப் பேர் அதுவரை போவதில்லை. ஏரியில் படகு விட்டு, பில்லர் ராக்ஸில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

இந்தப் பூண்டியில் விளைவது பூண்டு. பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். ஆனால் பொருத்தம் பொருத்தம்தான். மலைச்சரிவில் படி படியாக வெட்டிய வயல்கள், அவற்றில் பூண்டோடு உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ். பறித்த பூண்டைத் தாளோடு கட்டி, புகை படும் இடத்தில் போட்டு வைப்பது இங்கே பழைய வழக்கம். காரமும் மணமும் அதிகம், நாள்பட நிற்கும் என்று மேல்மலைப் பூண்டுக்குத் தனிப் பேர். கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் எடுத்த முயற்சியில் 2019-ல் ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. மூட்டைகள் கீழே இறங்கிப் பெரியகுளம் பக்கத்து வடுகபட்டி மண்டிக்குப் போகின்றன. அங்கே என்ன விலை என்பதுதான் மேல்மலையில் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கையில் செல்போனோடு ஒருவர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். இது எந்தத் தனி ஆளின் கதையும் அல்ல. மலையில் எந்த டீக்கடை பெஞ்சிலும் நடக்கக்கூடியது. காலை மூடுபனி விலகவில்லை. சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஊசலாடுகிறது. ‘பூண்டு விலை இன்று’ என்று தட்டுகிறார். செய்திப் பக்கம் ஒன்று திறக்கிறது. தலைப்பு தெரிகிறது, விலை தெரியவில்லை. ‘எங்கள் குக்கீகளை ஏற்கிறீர்களா’ என்று ஒரு பெட்டி. அதை ஏற்றால், ‘உடனுக்குடன் செய்திகள் வேண்டுமா’ என்று இன்னொரு பெட்டி. அதைத் தள்ளினால், திரையின் அடியில் ஒரு வீடியோ தானாக ஓடத் தொடங்கி, பெங்களூருவில் அடுக்குமாடி வீடு வாங்கச் சொல்கிறது. மூட வேண்டிய பெருக்கல் குறி எள்ளளவு. கேரட் கழுவிய விறைத்த விரலால் அதைத் தொட்டால், பக்கத்தில் பட்டு வேறொரு செயலியின் கடை திறக்கிறது. திரும்பி வந்தால் பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறுகிறது. இத்தனை படமும் வீடியோவும் இறங்கியது அவருடைய டேட்டாவில். வடுகபட்டி விலையை அவர் கடைசியில் மண்டிக்கே போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறார்.

இதில் வேடிக்கை, அந்தப் பக்கத்தை நிரப்பிய விளம்பர இயந்திரம் அவரைப் பற்றி அறியாததல்ல. என்ன போன், என்ன நெட்வொர்க், நேற்று எந்தக் கடையின் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றார், என்ன வயதுக்காரராக இருக்கலாம் என்றெல்லாம் அதற்குக் கணக்கு உண்டு. ஆனால் அவர் படித்துக்கொண்டிருந்தது பூண்டு விலை என்பதையும், அப்போது அவருக்குப் பயன்படக்கூடியது ஒரு சாக்குக் கடையோ, வாடகை லாரியோ, விதைப்பூண்டோ என்பதையும் அது பொருட்படுத்தவில்லை. ஆளைப் பற்றி இவ்வளவு துப்பறிந்தும், அவர் இருப்பது எந்தப் பூண்டி என்று தெரியாத விளம்பரம்!

இணைய விளம்பரத்தின் தொல்லையைப் பற்றிப் பேசும்போது இரண்டு தரப்பு வழக்கமாக மோதிக்கொள்ளும். ‘விளம்பரம் இல்லாவிட்டால் இலவசச் செய்தி இல்லை’ என்பது ஒன்று. ‘எல்லாவற்றையும் தடுத்துவிடு’ என்று ஆட்-பிளாக்கரை நிறுவிக்கொள்வது மற்றொன்று. இரண்டும் ஒரு விஷயத்தைத் தவறவிடுகின்றன. விளம்பரம் வாசகருக்குப் பொருத்தமாக இருக்க வேண்டுமானால் அவரைப் பின்தொடர்ந்தாக வேண்டும் என்ற எண்ணமே பிழை. பொருத்தம் ஆளிடத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது: எந்தப் பக்கம், எந்த ஊர், எந்தப் பருவம்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. தொடக்ககால இணைய விளம்பரமே அப்படித்தான் இருந்தது. 1994 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் ‘ஹாட்வயர்ட்’ இணைய இதழில் ஏடி அண்ட் டி நிறுவனம் ஒரு பட்டை விளம்பரம் போட்டது. அகலம் 468, உயரம் 60 பிக்சல். ஒரு மூலையில் அடங்கிய சிறு பட்டை. அதைத் தொட்டவர்களை அது எந்தப் பொருளையும் விற்கும் பக்கத்துக்கு இழுத்துப்போகவில்லை. உலகத்து ஓவிய அருங்காட்சியகங்களைத் திரையில் சுற்றிப் பார்க்கும் வழி காட்டியது. கணினி மேல் ஆர்வம் கொண்டு அந்த இதழுக்கு வந்தவர்களுக்கு ஏற்ற விருந்து. பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் தொட்டதாகக் கணக்கு. இன்று அதே வகைப் பட்டையை நூறு பேர் பார்த்தால் ஒருவர் தொடுவதே அபூர்வம்.

இடையில் என்ன நடந்தது என்பதற்குப் பாப்-அப் பிறந்த கதை ஒன்று போதும். தொண்ணூறுகளில் ‘ட்ரைபாட்’ என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் சொந்தப் பக்கம் அமைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு பெரிய கார் நிறுவனத்தின் விளம்பரம் ஆபாசமான பக்கம் ஒன்றில் போய் உட்கார்ந்துவிட்டது. நிறுவனம் பதறியது. அப்போது ட்ரைபாடில் வேலை பார்த்த ஈதன் ஸக்கர்மன் ஒரு வழி கண்டார்: விளம்பரத்தைப் பக்கத்துக்குள் வைக்காமல் தனி ஜன்னலாகத் துள்ளி வரச் செய்வது. பக்கத்துக்கும் விளம்பரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று காட்டத்தான் அந்த நிரலை எழுதினார். 2014-ல் ‘தி அட்லான்டிக்’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் அதற்காக மன்னிப்பும் கேட்டார். நல்ல எண்ணத்தோடு செய்தோம் என்றார். எண்ணத்தில் கோளாறு இல்லைதான். ஆனால் பக்கத்திலிருந்து விளம்பரத்தைப் பிரித்த அந்தக் கணத்தில்தான் வாசகரின் எரிச்சல் தொடங்கியது.

பிரித்த பிறகு விளம்பரத்தை எதோடு ஒட்டுவது? ஆளோடு ஒட்டினார்கள். இன்று ஒரு பக்கம் திறந்து முடிப்பதற்குள், கண்ணிமைக்கும் நேரத்தில், ஏலம் ஒன்று நடந்து முடிகிறது. ‘இப்படிப்பட்ட ஒருவர் வந்திருக்கிறார், இவர் பார்வைக்கு என்ன தருவீர்கள்’ என்று ஏலச் சந்தை கூவ, விளம்பரதாரர்களின் கணினிகள் விலை சொல்ல, அதிக விலை சொன்னவரின் விளம்பரம் பக்கத்தில் ஏறுகிறது. நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு எதுவும் தெரியாது. இங்கேயும் துண்டு போட்டுத்தான் பேரம். விற்கப்படுவது மாடு அல்ல, வாசகரின் பார்வை. மாட்டுக்குச் சொந்தக்காரராவது பக்கத்தில் நிற்பார்.

தரகுக் கூலி எவ்வளவு? பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கமான இஸ்பா, பிடபிள்யூசி நிறுவனத்தைக் கொண்டு கணக்குப் பார்த்து 2020-ல் அறிக்கை வெளியிட்டது. விளம்பரதாரர் செலவிட்டதில் பாதி மட்டுமே, அதாவது 51 சதவீதம்தான், விளம்பரம் வெளியிட்ட தளத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 15 சதவீதம் எங்கே போனது என்று கணக்காயர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. மேல்மலை விவசாயிக்கு மண்டி மேல் ஆயிரம் குறை இருக்கும். கமிஷன் எத்தனை, இறக்குக் கூலி எத்தனை என்பது சீட்டில் எழுதியாவது இருக்கும். பெரிய பத்திரிகை நிறுவனங்களுக்கு இணையத்தில் அந்தச் சீட்டுகூடக் கிடைப்பதில்லை.

ஆளைத் தொடரும் விளம்பரத்தின் அசட்டுத்தனத்தைக் கொடைக்கானலுக்கு வந்துபோனவர்கள் எல்லோரும் அனுபவித்திருப்பார்கள். மே மாத விடுமுறைக்கு அறை தேடுகிறார்கள், பதிவு செய்கிறார்கள், மூன்று நாள் தங்கி, ஹோம்மேட் சாக்லேட் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘கொடைக்கானலில் அறை வேண்டுமா’ என்ற கேள்வி. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த வீட்டு வாசலில் வந்து, பந்தி எப்போது என்று கேட்பதைப் போல.

அசட்டுத்தனத்தோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அதே வாசலில் திருடனும் நிற்கிறான். சுற்றுலாப் பயணிகளையும் யாத்திரை போகிறவர்களையும் குறிவைத்துப் போலி முன்பதிவுத் தளங்கள், தேடுபொறிகளில் காசு கொடுத்து விளம்பரமாகவே முன்வரிசையில் நிற்கின்றன என்று மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. ‘ஸ்பான்சர்டு’ என்று வரும் இணைப்பைத் தொடும் முன் சரிபாருங்கள் என்பது அரசே சொன்ன அறிவுரை. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். புதிதாகத் தேடுகிற ஒருவருக்கு எது அரசுத் தளம், எது காசு கொடுத்து மேலே ஏறியது என்று ஒரே பார்வையில் தெரியுமா? முகநூலின் தாய் நிறுவனமான மெட்டா, 2024-ல் தன் வருமானத்தில் சுமார் 10 சதவீதம் மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்த பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று உள்ளுக்குள் மதிப்பிட்டிருந்ததாக, அதன் ஆவணங்களைப் பார்த்த ராய்ட்டர்ஸ் 2025 நவம்பரில் செய்தி வெளியிட்டது. அது தோராயமான, மிகைப்பட்ட மதிப்பீடு என்றது நிறுவனம். மிகையைக் கழித்தாலும் மிஞ்சுவது கொஞ்சமாக இருக்காது.

தமிழ்த் தளங்களுக்கு இந்தச் சந்தை தாமதமாகத்தான் திறந்தது. தளங்களில் விளம்பரம் ஏற்றும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். இந்தி 2014-லேயே உள்ளே போய்விட்டது, வங்காளம் 2017-ல். அதுவரை தமிழில் எழுதிக் குவித்த வலைப்பதிவர்கள் காலணா பார்த்ததில்லை. இத்தனைக்கும், விளம்பரம் தங்கள் மொழியில் வந்தால் அதைக் கவனிப்போம் என்று இந்திய மொழிகளில் இணையத்தைப் பயன்படுத்துவோரில் 88 சதவீதம் பேர் சொன்னதாக 2017-ல் கேபிஎம்ஜியும் கூகுளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையே குறிப்பிட்டது. கதவு திறந்ததும் தமிழ்த் தளங்கள் பெருகின. ஆனால் தமிழ்ப் பக்கத்தில் ஒரு பார்வைக்குக் கிடைக்கும் விலை ஆங்கிலப் பக்கத்து விலையில் சிறு பங்குதான். விலை குறைவு என்றால் எண்ணிக்கையைக் கூட்டு. நான்கு வரிக்கு ஒரு விளம்பரம், ஒரு செய்தியை எட்டுப் பக்கமாக உடைத்து ‘அடுத்து’ என்ற பொத்தான், படத்துக்கு மேல் ஒரு பட்டை, பட்டைக்கு மேல் ஒரு பெட்டி. செய்தியைத் தேடுவது மேல்மலைப் பனியில் எதிரே வரும் வண்டியைத் தேடுவது போலாகிவிட்டது.

அந்த இடைவெளிகளில் என்ன வந்து உட்கார்கிறது என்பது அடுத்த சங்கடம். சர்க்கரை நோயை வேரோடு போக்கும் பொடி, தொப்பையைக் கரைக்கும் பானம். இந்த நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம் என்று இந்தியாவில் 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. நீரிழிவும் உடல்பருமனும் அதன் பட்டியலில் பெயரோடு இருக்கின்றன. அச்சில் வரும் விளம்பரத்தைப் பத்திரிகை அலுவலகத்தில் யாராவது ஒருவர் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் சேர்க்கிறார். இணையத்தில் அதே பத்திரிகையின் பெயர்ப் பலகைக்குக் கீழே எந்த விளம்பரம் வருகிறது என்று அதன் ஆசிரியருக்கே தெரியாது. வாசகரும் விளம்பர மேலாளரும் ஒரே நேரத்தில்தான் அதைப் பார்க்கிறார்கள். ரம்மி விளம்பரங்கள் எத்தனை வருடம் ஓடின என்று எண்ணிப் பார்க்கலாம். தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்து, அது நீதிமன்றப் படியேறி இறங்கி, கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்யும்வரை அவை நகரவில்லை.

தமிழ் வாசகர் விளம்பரத்தை வெறுப்பவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வரி விளம்பரப் பக்கத்தைப் பேனாவோடு உட்கார்ந்து படிக்கிற பழக்கம் ஒரு தலைமுறைக்கே இருந்தது. மணமகன் தேவை, வீடு வாடகைக்கு, பழைய டிராக்டர் விற்பனைக்கு, கம்பெனிக்கு ஆள் தேவை. தலையங்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறவர்கூட அந்தப் பக்கத்தைப் புரட்டமாட்டார். அங்கே அவரை யாரும் துரத்தவில்லை. அவராகத்தான் தேடிப் போனார். எது எந்தத் தலைப்பின் கீழ் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இந்தப் பக்கத்தைத் திருமணத் தளங்கள் இணையத்துக்குக் கொண்டுபோனபோது, தங்கள் பெயரைத் தேடினால் போட்டியாளரின் விளம்பரம் வருகிறது என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. பாரத் மேட்ரிமோனி நடத்தும் நிறுவனம் கூகுள் மேல் போட்ட அந்த வழக்கில், அந்தப் பெயர்களில் இருப்பவை பொருளைக் குறிக்கும் பொதுச் சொற்கள் என்று சொல்லி 2010-ல் தனி நீதிபதி இடைக்காலத் தடை தர மறுத்தார். ஒரு சொல்லை யார் ஏலம் எடுக்கலாம் என்ற கேள்வி அத்தோடு முடியவில்லை. 2023 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம், தன் விளம்பரத் திட்டத்தில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல, பங்கேற்பாளர் என்று தீர்ப்பளித்தது. பூண்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்பது இன்று சட்டப்படி ஓர் இடத்தோடு கட்டிய பெயர். வேறு எங்கோ விளைந்த பூண்டை அந்தப் பெயரில் விற்க முடியாது. ஆனால் அந்தப் பெயரைத் தேடுகிறவர் கண்முன் வேறு பூண்டை நிறுத்துவதற்குக் காசு ஒன்றே போதும்.

பொருத்தமான விளம்பரம் எப்படி இருக்கும் என்பதற்கு மலைக்கு வெளியே போக வேண்டியதில்லை. கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து 100.5 அலைவரிசையில் வரும் கோடை பண்பலையைத் திண்டுக்கல், தேனி, மதுரை என்று கீழே விரிந்து கிடக்கும் ஊர்கள் பல வருடமாகக் கேட்கின்றன. மலை உயரம்தான் அதற்குக் கோபுரம். பாட்டுக்கு நடுவே உள்ளூர் ஜவுளிக் கடையும் நகைக் கடையும் ஆடித் தள்ளுபடி சொல்லும். கேட்பவர் யார் என்று வானொலிக்குத் தெரியாது. எங்கிருந்து கேட்கிறார், என்ன மாதம் என்று மட்டும் தெரியும். அந்த இரண்டு தகவலே போதுமானதாக இருந்தது. யாரும் அதைத் தொல்லை என்று சொல்லக் கேட்டதில்லை; சிலர் அந்த விளம்பரப் பாட்டை இன்னும் முணுமுணுக்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகள் வருகின்றன. கள் விற்கும் இடத்தில் கட்டிய கொடியும் அதில் ஒன்று. வேண்டியவர் கொடி பார்த்துப் போனார், வேண்டாதவர் ஒதுங்கிப் போனார். கொடி கடையிலேயே நின்றது. குடித்தவர் பின்னால் வீடுவரை போகவில்லை.

தெருவிலும் மலையிலும் கண்ணை மறைக்கும் விளம்பரத்துக்கு நாம் ஓரளவு எல்லை போட்டுவிட்டோம். இமாசலத்தில் மணாலி – ரோதாங் பாதையில் மலைப் பாறைகள் மீதே குளிர்பான விளம்பரங்களைத் தீட்டியிருந்ததைப் பார்த்து 2002-ல் உச்ச நீதிமன்றம் நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு, பேனர் வேண்டாம் என்று கட்சிகளும் நடிகர்களும் அறிக்கை விட்டார்கள். இணையத்தில் பாறை ஏது, சாலை ஏது என்று கேட்கலாம். ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் வரிதான் அங்கே சாலை. அதன் குறுக்கே பேனர் கட்டுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

எல்லை போடும் முயற்சி இணையத்திலும் நடக்காமல் இல்லை. விளம்பரத் தொழிலைச் சேர்ந்த நிறுவனங்களே 2016-ல் கூட்டணி அமைத்து, 25,000-க்கு மேற்பட்டவர்களிடம் கருத்துக் கேட்டு, எவை தாங்க முடியாதவை என்று மறு வருடம் பட்டியல் போட்டன. செல்போனில் துள்ளி வரும் ஜன்னல், சத்தத்தோடு தானே ஓடும் வீடியோ, கண்ணைக் குத்தும் மினுக்கு, செய்திக்கு முன் முழுத் திரையை மறைப்பது, பக்க நீளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரமே நிறைந்திருப்பது ஆகியவை அதில் உண்டு. இந்த விதியை மீறும் தளங்களில் விளம்பரத்தையே மறைக்கத் தொடங்கியது கூகுளின் குரோம் உலாவி: 2018 பிப்ரவரியில் முதலில் மேலை நாடுகளில், 2019 ஜூலையில் உலகம் முழுக்க. விளம்பரத்தால் வாழும் நிறுவனமே விளம்பரக் காவலராகவும் இருப்பதில் உள்ள முரணைச் சொல்லத் தேவையில்லை. அந்த 30 சதவீதக் கோட்டை ஸ்கேல் வைத்து அளந்தால் இன்று எத்தனை தமிழ்ச் செய்திப் பக்கங்கள் தேறும் என்று, நேரம் இருப்பவர்கள் அளந்து பார்க்கலாம்.

இந்திய அரசும் 2023 நவம்பரில் ‘டார்க் பேட்டர்ன்ஸ்’ எனப்படும் ஏமாற்று வடிவங்கள் 13-ஐப் பட்டியலிட்டுத் தடுத்தது. செய்தி போல வேடம் போட்டு வரும் விளம்பரம், ‘இன்னும் 2 அறைகளே உள்ளன’ என்ற பொய் அவசரம், வேண்டாம் என்ற பிறகும் விடாமல் நச்சரிப்பது எல்லாம் இதில் அடக்கம். அதே வருடம் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளின் நடமாட்டத்தை இணையத்தில் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதம் அவகாசம். பெரியவர்கள் விஷயத்தில் சம்மதம் கேட்டால் போதும். எந்தச் சம்மதம் என்றால், டீக்கடையில் நம்மவர் விலை தெரிய வேண்டும் என்ற அவசரத்தில் தட்டினாரே, அதே சம்மதம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். குறிவைத்த விளம்பரத்தால் சிறு வியாபாரிக்கு லாபமே இல்லை என்று சொல்ல முடியாது. மன்னவனூரில் இரண்டு அறை வைத்துத் தங்கும் விடுதி நடத்துகிறவரால் நாளிதழில் கால் பக்கம் வாங்க முடியாது. சில நூறு ரூபாய்க்கு மதுரைக்காரர்களின் போனில் தன் விடுதியைக் காட்ட முடியும். இந்தக் கதவை மூடச் சொல்வது அநியாயம். ஆனால் அவருக்கு உண்மையில் என்ன தேவை? மதுரையில் இருந்துகொண்டு மலைப் பயணக் கட்டுரை படிக்கிற ஒருவர். அந்த வாசகரின் மருத்துவக் கவலையோ கடன் பாக்கியோ நேற்றிரவுத் தேடலோ விடுதிக்காரருக்கு எதற்கு?

அந்தத் துப்புகள் இல்லாமலே காசு வரும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதி 2018 மே மாதம் அமலானபோது நியூயார்க் டைம்ஸ், ஐரோப்பிய வாசகர்களைப் பொதுச் சந்தையில் ஏலம் விடுவதை நிறுத்தி, பக்கத்தின் பொருளுக்கும் நாட்டுக்கும் ஏற்ற விளம்பரங்களுக்கு மாறியது. அங்கே அதன் விளம்பர வருமானம் விழவில்லை, வளர்ந்தது. நெதர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்பிஓ 2020 தொடக்கத்தில் பின்தொடரும் குக்கீகளையே தூக்கி எறிந்தது. எந்த நிகழ்ச்சி ஓடுகிறதோ அதற்குப் பொருந்தும் விளம்பரத்தை மட்டும் விற்றது. முந்தைய வருடத்தின் அதே மாதங்களைவிடக் கூடுதலாகவே வசூலானது. காரணம் எளிது: நடுவில் இருந்த தரகர்கள் போய்விட்டார்கள்.

அவை பெரிய வீடுகள், விளம்பரம் விற்க ஆள் வைத்திருக்கிறார்கள் என்று தமிழ்த் தளம் நடத்துகிறவர்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் தமிழ்ப் பத்திரிகைகளிடமும் ஆள் இல்லாமல் இல்லை. பெரியகுளத்திலும் ஒட்டன்சத்திரத்திலும் கடை கடையாக ஏறி, பொங்கல் மலருக்கும் தீபாவளி மலருக்கும் விளம்பரம் வாங்கி வருகிற முகவர்கள் இருக்கிறார்கள். அச்சுக்காக அலையும் அந்தக் கால்கள் இணையத்துக்காக ஏன் நடப்பதில்லை என்பது ஆச்சரியம்தான். பூண்டு விலைப் பக்கத்தில் ஒரே ஓர் இடம்; அதில் வடுகபட்டி சாக்குக் கடைக்காரர் ஒருவரின் விளம்பரம், ஒரு மாதத்துக்கு. வீடியோ வேண்டாம். கடைப் பெயர், போன் நம்பர், ‘விளம்பரம்’ என்று மேலே தெளிவாக ஒரு சொல். பறிப்புக் காலம் வந்தால் லாரிக்காரர். நடவுக்கு முன் விதைப்பூண்டு வைத்திருப்பவர். மே மாதம் கொடைக்கானல் செய்திப் பக்கத்தில் மன்னவனூர் விடுதிக்காரர். யாரையும் துப்பறியாமல், இந்தப் பூண்டி எந்தப் பூண்டி என்று தெரிந்த ஒருவர் ஏற்பாடு செய்யக்கூடியது இது.

அதெல்லாம் ஆகிற வரைக்கும் தமிழ்த் தளங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு செயலி வடிவமைப்போருக்குக் கூகுள் தரும் வழிகாட்டுதலில், விரலால் தொட வேண்டிய எதுவும் திரையில் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறியை அந்த அளவுக்குப் பெரிதாக்குங்கள்.